கீரைப் பாத்தியில் நாற்றழுகல்: மருந்து வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாவற்றுக்கும் நாற்றங்கால் உண்டு. அங்கே நாற்று சாய்ந்தால் மருந்து ஊற்றுகிறோம். பிழைத்த நாற்றைப் பிடுங்கி நட்டு, அது பூத்துக் காய்த்துச் சந்தைக்குப் போக இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். நாற்றங்காலில் ஊற்றிய மருந்து அதற்குள் பெரும்பாலும் சிதைந்திருக்கும். கீரைக்கு இந்த வசதி கிடையாது. விதைத்த பாத்திதான் நாற்றங்கால், அறுவடையும் அதே பாத்தியில்தான். பத்தாம் நாள் சாய்வதற்கு நிற்கும் முளைக்கீரை, இருபத்தைந்தாம் நாள் வேரோடு பிடுங்கப்பட்டுக் கட்டாகிவிடுகிறது. அந்த நாற்றையேதான் நாம் கடைந்து சாப்பிடுகிறோம்.

நாற்றழுகலுக்கு நம்மூரில் சொல்லப்படும் மருந்துப் பரிந்துரைகளில் பெரும்பாலானவை காய்கறி நாற்றங்காலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே கீரைப் பாத்திக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பணம் போகிறது, பல நேரம் நோயும் நிற்பதில்லை, மருந்தின் மிச்சம் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்புக்குப் போய்ச் சேர்கிறது.

உரக்கடையில் வழக்கமாக நடப்பது இது. "தம்பி, விதைச்சு எட்டு நாளாச்சு. பாத்தியில அங்கங்க நாத்து சாயுதுப்பா" என்று ஓர் அக்கா போய் நிற்பார். கடைக்காரர் செடியைப் பார்க்க மாட்டார். என்ன பயிர் என்றுகூடச் சில நேரம் கேட்க மாட்டார். "நாத்தழுகல்தான்கா. இந்தப் பவுடரை லிட்டருக்கு ரெண்டு கிராம் போட்டு ஊத்துங்க, நின்னுடும்" என்று ஒரு பொட்டலத்தை எடுத்து வைப்பார். பில் கேட்டால், "நமக்குள்ள எதுக்குக்கா பில்லு" என்பார். இந்த ஒரு நிமிடத்தில் அந்த அக்கா இழந்தது என்னவென்று பார்ப்போம்.

சாய்த்தது யார்?

நாற்றழுகல் என்பது ஒரே கிருமியின் வேலை இல்லை. கீரையில் முக்கியமாக இரண்டு பேர். ஒன்று பித்தியம், இன்னொன்று ரைசாக்டோனியா. இரண்டும் மண்ணில் வாழ்பவை, இரண்டும் நாற்றைக் கழுத்தில் பிடிப்பவை. ஆனால் குணம் வேறு.

பித்தியம் தண்ணீர்ப் பிரியன். அதன் வித்துகளுக்கு வால் போன்ற இழைகள் உண்டு. தேங்கிய நீரில் அவை நீந்தியே அடுத்த வேருக்குப் போகும். பார்க்கப் பூஞ்சணம் போலிருந்தாலும் உயிரியல் கணக்கில் அது உண்மையான பூஞ்சணம் அல்ல, நீர்ப்பாசி இனங்களுக்கு நெருக்கமான ஒன்று. இந்தியாவில் இதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் பீகாரின் பூசாவில் பணியாற்றிய இ. ஜே. பட்லர். அவருடைய ஆய்வு நூல் 1907இல் வந்தது. நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த இந்த உயிரியைப் பற்றி இன்னும் பல கடைகளில் தெரியாத செய்தி ஒன்று உண்டு: கார்பன்டசிம் பித்தியத்தை அசைக்காது. உரக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அந்தப் பவுடர் உண்மையான பூஞ்சணங்களின் செல் பிரிவைத் தடுத்து வேலை செய்வது. பித்தியத்திடம் அந்த வேலை நடப்பதில்லை. மாறாக, மெட்டலாக்சில் பித்தியத்தை அடக்கும், ரைசாக்டோனியாவை ஒன்றும் செய்யாது. ஆக, ஆள் யாரென்று தெரியாமல் வாங்கும் மருந்து பாதிக்குப் பாதி வீண்.

வயலிலேயே ஓரளவு அடையாளம் காணலாம். விடியற்காலை, வெயில் ஏறுமுன் பாத்திக்குப் போங்கள். சாய்ந்த நாற்றின் கழுத்து வெந்நீரில் முக்கியது போல நீர்கோத்து, கொழகொழவென்று இருந்து, அதன்மேல் பஞ்சு போன்ற வெள்ளை இழை தெரிந்தால் பித்தியம் என்று சந்தேகிக்கலாம். வேரை இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்து, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். ரைசாக்டோனியா என்றால் கழுத்தில் செம்பழுப்பாகக் குழிந்த புண் இருக்கும், தண்டு அந்த இடத்தில் கம்பி போல மெலிந்திருக்கும். செடியை மெல்லத் தூக்கினால், கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத இழைகளில் மண் துகள்கள் தொங்கிக்கொண்டு வரும். இரண்டும் சேர்ந்து தாக்குவதும் உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆய்வகம்தான். வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ மாதிரி கொண்டுபோகலாம். செத்துக் காய்ந்த செடியைக் கொண்டுபோய்ப் பயனில்லை. பாதி வாடிய செடியை வேரும் மண்ணுமாக எடுத்து, ஈரத்தாளில் சுற்றி, அன்றே சேர்க்க வேண்டும்.

முளைக்காத இடமெல்லாம் நோய் என்றும் நினைத்துவிடக் கூடாது. கீரை விதை கடுகைவிடச் சிறியது, எறும்புக்கு அது விருந்து. விதைத்த அன்றிரவே வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும். அதனால்தான் பழைய ஆட்கள் பாத்தி ஓரத்தில் அரிசி நொய்யைத் தூவி எறும்பைத் திசைதிருப்புவார்கள். வெட்டுப்புழு கடித்த நாற்று மண்மட்டத்தில் கத்தரித்தது போல் இருக்கும், அழுகல் இருக்காது. மட்காத சாணமோ அதிக யூரியாவோ கருக்கிய நாற்றின் இலை நுனி முதலில் காயும். முந்தைய பயிருக்கு அடித்த களைக்கொல்லியின் மிச்சமும் நாற்றைக் குட்டையாக்கிக் கொல்லும். நோய் என்றால் அடையாளம் ஒன்றுண்டு: அது வட்டமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் வட்டம் பெருக்கும், தண்ணீர் ஓடும் திசையில் அடுத்த பாத்திக்குப் போகும்.

ஒரு தொட்டிச் சோதனை

விதை கெட்டதா, மண் கெட்டதா என்ற கேள்விக்கு வீட்டிலேயே ஒரு விடை காணலாம். இதைச் செய்பவர்கள் குறைவு. செய்தால் இரண்டு வகையில் உதவும். அடுத்த விதைப்பை எங்கே வைப்பது என்று தெரியும். புகார் என்று போக வேண்டி வந்தால் யார்மேல் போவது என்பதும் தெரியும்.

நோய் கண்ட வட்டத்திலிருந்து மேல் பத்து சென்டிமீட்டர் மண்ணை எடுத்து இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கைத் துணியில் கட்டி, பழைய இட்லிப் பானையில் வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வேகவிட்டு ஆறவையுங்கள். சமையலுக்கு அந்தப் பானை மறுபடி வேண்டாம். மூன்றாவதாக, நோயே காணாத பாத்தியின் மண் கொஞ்சம். மூன்றையும் அடியில் துளையிட்ட மூன்று தொட்டியில் போட்டு, ஒரே பொட்டலத்திலிருந்து ஐம்பது ஐம்பது விதையாக எண்ணிப் போட்டு, ஒரே அளவு தண்ணீர் விட்டு வாருங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் விஷயம் வெளியே வரும். வேகவைத்த மண்ணில் நாற்று நின்று, வேகாத நோய்மண்ணில் மட்டும் சாய்ந்தால் குற்றவாளி மண்ணில் இருக்கிறான். மூன்றிலும் முளைப்பு மோசமென்றால் விதையைச் சந்தேகியுங்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாலக் இனக் கீரையை விதைக்காகவே பயிரிடும் விவசாயிகள் இதன் பெரிய வடிவத்தை நம்பித்தான் நிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே எதிரி ஃபியூசேரியம் வாடல். ஒருமுறை வந்த நிலத்தில் மறுபடி அந்தப் பயிரை வைக்கப் பத்து, பதினைந்து ஆண்டு காத்திருப்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் தங்கள் வயல் மண்ணை மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால், அதில் கீரையை வளர்த்துப் பார்த்து நோய் அளவைச் சொல்கிறார்கள். நம்மூர்க் கீரைக்காரர் பதினைந்து ஆண்டு இருக்கட்டும், பதினைந்து நாள்கூட நிலத்தைச் சும்மா போட முடியாதவர். பெரும்பாலும் அது குத்தகை நிலம்.

வேலை முழுக்க விதைப்புக்கு முன்னால்

நோயைப் பெருக்குவது பெரும்பாலும் நம் அவசரம்தான். ஒரு கீரையைப் பிடுங்கிய மறுநாளே மிச்சம் கிடக்கும் வேரையும் தழையையும் கொத்திப் புதைத்து, அதன்மேலேயே அடுத்த விதையைத் தூவுகிறோம். பச்சையாக மட்கும் தழை பித்தியத்துக்கு வயிறார விருந்து. புதைத்த தழை மட்க இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். அது முடியாதென்றால் வேரோடு வாரி வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே இல்லை. மண்ணில் போடும் எந்தப் பவுடரைக் காட்டிலும் இதை முதலில் சொல்வேன்.

அடுத்தது தண்ணீர். தரைமட்டப் பாத்தியில் மடை திறந்து, ஒரு பாத்தி நிறைந்து அடுத்ததற்கு வழியும்படி பாய்ச்சுவது நமக்குப் பழக்கம். முதல் பாத்தியில் இருக்கும் நோய் கடைசிப் பாத்திவரை இலவசமாகப் பயணம் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தி, ஒவ்வொன்றுக்கும் தனி வடிகால், முதல் பத்து நாளைக்குப் பூவாளியோ தெளிப்பு நீரோ அளவாக. மாலையில் நனைத்தால் இரவு முழுக்கக் கழுத்து ஈரமாகவே இருக்கும், ஆகவே காலையில் பாய்ச்சுங்கள். வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில், நீங்கள் பாய்ச்சாவிட்டாலும் வானம் பாய்ச்சும். அந்த இரண்டு மாதம் மேட்டுப்பாத்தி இல்லாமல் கீரை விதைப்பது சூதாட்டம்.

விதையை நெருக்கிப் போடுவதும் கெடுதல். முளைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் இரண்டு மடங்கு தூவுகிறோம். அடர்த்தியாக முளைத்த நாற்றுக்கிடையே காற்றில்லை, ஒரு செடி சாய்ந்தால் பக்கத்துச் செடிக்கு இழை தொட்டுக்கொண்டே போகும். எக்டேருக்கு இரண்டரைக் கிலோ, அதாவது ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. விதையோடு மணல் கலந்து தூவினால் சீராக விழும்.

உயிரியல் மருந்துகளுக்கு வருவோம். கிலோ விதைக்கு ட்ரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் புளோரசன்ஸ் 10 கிராம் கலந்து விதைக்கலாம். மண்ணுக்கு என்றால் எக்டேருக்கு இரண்டரைக் கிலோ ட்ரைக்கோடெர்மாவை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து இட வேண்டும். ஏக்கருக்கு ஒரு கிலோவும் 20 கிலோ உரமும் என்று கொள்ளலாம். இங்கே பலர் கோட்டை விடுவது கலந்த உடனே கொட்டுவதில். நிழலில் குவித்து, கோணியால் மூடி, ஈரம் காக்க அவ்வப்போது நீர் தெளித்து, இரண்டு வாரம் விட்டால்தான் பூஞ்சணம் உரமெங்கும் பரவும். குவியலைக் கிளறினால் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும், மண்வாசனை வரும். அந்த நிலையில் மண்ணில் இட்டால் அது ஏற்கெனவே குடியேறிய படை. வறண்ட மண்ணில், மட்கிய உரமே இல்லாத மண்ணில், நேராகத் தூவிய பவுடர் வெறும் தூசி. இதோடு கார்பன்டசிமையும் ஊற்றுகிறவர்கள் உண்டு. ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சணம்தான், எதிரியைக் கொல்லும் மருந்து அதையும் கொன்றுவிடும். காசைக் கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே கொல்வது அது. ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கடைசி உழவில் போடலாம்.

வெயிலையும் பயன்படுத்தலாம். இஸ்ரேலைச் சேர்ந்த காட்டனும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட வழி இது. மண்ணை நன்றாகக் கொத்தி, நனைத்து, மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து, கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் அந்த அளவுக்குச் சூடு கொடுக்காது. வெயில் உள்ளே புகுந்து மண்ணைச் சுட வேண்டும், தாளைச் சுட்டுப் பயனில்லை. சித்திரை, வைகாசி வெயில் நமக்கு இதற்கென்றே கொடுத்தது போல இருக்கிறது. மேல்மண்ணின் கிருமி நன்றாகக் குறையும், களை விதையும் சாகும். ஆனால் ஆழத்தில் இருப்பது அப்படியே இருக்கும், ஆகவே தாளை எடுத்தபின் ஆழக் கொத்தக் கூடாது. வெப்பத்தைத் தாங்கும் பித்தியம் இனங்களும் உண்டு, முழு வெற்றியை எதிர்பார்க்க வேண்டாம். குத்தகைக்காரர் மொத்த நிலத்தையும் மூட முடியாது. பத்துப் பாத்தியில் மூன்றை இந்த ஆண்டு, அடுத்த மூன்றை அடுத்த ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மற்றப் பாத்திகளில் கீரை ஓடட்டும்.

பயிர் மாற்றமும் சொல்வார்கள். பாசிப்பயறு, தட்டைப்பயறு போட்டு மாற்றினோம் என்று திருப்திப்பட வேண்டாம். ரைசாக்டோனியாவுக்குப் பயறும் உணவுதான். தீவனச் சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினம் ஒரு போகம் வைத்தால் ஓரளவு பலன் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு பாத்தியில் வட்டம் விழுந்துவிட்டது என்றால்? அன்றைக்கே தண்ணீரை நிறுத்துங்கள். வட்டத்தைச் சுற்றி ஒரு கை அகலம் கூடுதலாக, நல்ல செடி போல் தெரிவதையும் சேர்த்து, மண்ணோடு அள்ளி வயலுக்கு வெளியே புதையுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். மண்வெட்டியைக் கழுவுங்கள். நோயில்லாத பாத்தியில் வேலையை முடித்துவிட்டு நோய்ப் பாத்திக்கு வாருங்கள், மாற்றிச் செய்தால் காலில் ஒட்டிய மண்ணே கொண்டுபோய்ச் சேர்க்கும். வட்டத்துக்கு வெளியே நிற்கும் கீரையைச் சீக்கிரம் பிடுங்கி விற்கலாம். மனிதருக்கு இந்தக் கிருமியால் கேடில்லை. பாத்தியில் பாதி போய்விட்டால் மருந்துக்குச் செலவிடாமல் அழித்துவிட்டு மறுபடி தயார் செய்வதே லாபம். 25 நாள் பயிரின் பலமே அதுதான்.

சட்டம் கையில் கொடுத்திருப்பது

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968 என்று பெயர் இருந்தாலும் பூஞ்சணக்கொல்லியும் களைக்கொல்லியும் அதற்குள்தான் வரும். மத்திய பதிவுக் குழு ஒரு மருந்தைப் பதிவு செய்யும்போது, எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று எழுதித்தான் ஒப்புதல் தருகிறது. பொட்டலத்தோடு வரும் துண்டறிக்கையில் இது இருக்க வேண்டும். இந்தி, ஆங்கிலத்தோடு விற்கும் பகுதியின் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டு விதி. கடையிலேயே அதைப் பிரித்துப் பயிர்ப் பட்டியலைப் படியுங்கள். கீரை என்ற பெயரைப் பார்ப்பது மிக அரிது. பட்டியலில் கீரை இல்லை என்றால், கீரையில் அந்த மருந்தைச் சோதித்து ஒப்புதல் தரவில்லை, எத்தனை நாள் காத்திருந்தால் பாதுகாப்பு என்று கீரைக்காக யாரும் கணக்கிடவில்லை என்று பொருள். லேபிளில் தக்காளிக்கு எழுதிய காத்திருப்புக் காலம் கீரைக்குச் செல்லாது. ஒரு செடியில் இலைதான் மருந்தை அதிகம் வாங்குகிறது, கீரையில் நாம் விற்பதே இலையைத்தான்.

உண்பவர் பக்கமும் ஒரு வரம்பு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு பயிருக்கென்று தனி எச்ச அளவு வகுக்காத மருந்துக்கு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவையே எல்லையாக வைத்திருக்கிறது. ஏறத்தாழ இருக்கவே கூடாது என்று சொல்வதற்குச் சமம். கார்பன்டசிம், மெட்டலாக்சில் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் போகிறவை. உப்புத் தண்ணீரில் அலசினால் இலைமேல் ஒட்டிய மண்ணும் படிவும் போகும், உள்ளே போனது போகாது. "கழுவினால் சரியாப் போயிடும்" என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாத ஆறுதல்.

பொட்டலத்தில் இன்னொன்றையும் பாருங்கள். சாய்சதுரத்தில் இருக்கும் முக்கோணம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் நஞ்சில்லை என்று பொருளல்ல, நான்கில் குறைந்தது என்றுதான் பொருள். பதிவு எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் நான்கும் இருக்க வேண்டும். இயற்கை மருந்து என்றாலும் இதே சட்டம்தான். ட்ரைக்கோடெர்மாவுக்கும் பதிவு எண் வேண்டும். விரிடி ஒரு சதவீதப் பவுடரில் கிராமுக்குக் குறைந்தது இருபது லட்சம் உயிர் வித்துகள் இருக்க வேண்டும் என்பது தரம். வெயிலில் காய்ந்த ஜன்னலோரம் மாதக்கணக்கில் அடுக்கி வைத்த பொட்டலத்தில் அத்தனை உயிர் இருக்குமா என்று நீங்களே யோசியுங்கள். உற்பத்தி நாள் புதிதாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கிடையே பளபளப்பான பாட்டிலில் "வேர் அழுகலை ஓட ஓட விரட்டும்" என்று எழுதி, பதிவு எண்ணே இல்லாமல் வரும் சரக்குகள் உண்டு. கேட்டால் "இது மருந்தில்லைங்க, வளர்ச்சி ஊக்கி" என்பார்கள். வளர்ச்சி ஊக்கிகளை 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஊக்கி என்று விற்றால் நோயைக் குணமாக்கும் என்று எழுதக் கூடாது. நோயைக் குணமாக்கும் என்று எழுதினால் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் பதிவு வேண்டும். இரண்டு படகிலும் கால் வைப்பவரிடம் வாங்காதீர்கள்.

கூலிக்கு மருந்தடிக்கும் ஆட்களும் கீரை பிடுங்கும் பெண்களும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். மருந்தைக் கையாளுபவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்று அதே 1971 விதிகள் சொல்கின்றன. கீரைப் பாத்தியில் வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணில் கையை விட்டு வேரோடு பிடுங்குபவரைவிட மருந்துக்கு அருகில் இருப்பவர் யார்? மருந்து ஊற்றிய பாத்தி எது என்று அவர்களிடம் சொல்லுங்கள். சொல்லாமல் இறக்கிவிடும் நிலக்காரரிடம் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. தலைசுற்றல், வாந்தி என்றால் 108ஐ அழைத்து, பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். முறிவு மருந்து பற்றிய குறிப்பு அதில்தான் இருக்கிறது.

விதையைப் பொறுத்தவரை, 1966ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி பொட்டலத்தில் முளைப்புத் திறனும் சோதித்த நாளும் குவியல் எண்ணும் இருக்க வேண்டும். சொந்தமாக எடுத்த விதையை வைத்துக்கொள்ள, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்டுப் பெயரிட்டு மட்டும் விற்கக் கூடாது. கீரைக்காரர்களில் பலர் ஓரத்தில் நாலு செடியை விதைக்கு விடுகிறவர்கள். அதற்கு நோய்ப் பாத்தியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விதையோடு ஒட்டிய மண்துகளும் காய்ந்த சருகும் நோயைச் சுமக்கும், நன்றாகப் புடைத்துச் சுத்தமாக்கி வையுங்கள்.

ஏமாந்துவிட்டால்

பில் இல்லாமல் எதுவும் நடக்காது. கடைக்காரர் பில் தர வேண்டியவர், அதில் தொகுதி எண் எழுதச் சொல்லிக் கேட்கலாம். மருந்தையும் விதையையும் முழுக்கக் காலி செய்யாமல் பொட்டலத்தோடு கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பாத்தியை முதல் நாளிலிருந்தே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். நாள் அதில் பதிவாகும்.

கீரை தோட்டக்கலைத் துறையின் கீழ் வருகிறது. சேதம் தெரிந்த உடனே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனு கொடுத்து, வயலை வந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். மருந்தின் தரத்தில் சந்தேகமென்றால் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கும், விதை என்றால் விதை ஆய்வாளருக்கும் எழுதுங்கள். கடையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. பயிர் 25 நாளில் முடிந்துவிடும், அதிகாரி ஒரு மாதம் கழித்து வந்தால் பார்ப்பதற்கு வெறும் பாத்திதான் இருக்கும். ஆகவே மனுவில் விதைத்த நாளையும் அறுவடை நாளையும் எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவின் பிரதியை வைக்கலாம். நோய் பற்றிய ஆலோசனைக்கு மட்டுமென்றால் உழவர் அழைப்பு மையத்தின் 1800 180 1551 கட்டணமில்லா எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

நட்டஈடு கேட்க நுகர்வோர் ஆணையம். விவசாயி நுகர்வோர் அல்ல, விற்பனைக்குத்தான் பயிரிடுகிறார், விதைச் சட்டம்தான் அவருக்கு வழி என்றெல்லாம் நிறுவனங்கள் வாதாடிப் பார்த்தன. தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. விதை வாங்கிய விவசாயி நுகர்வோர்தான் என்றது. விதையில் மாதிரி எடுத்து வைக்கவில்லையே, சோதனை செய்யவில்லையே என்ற கேள்வியையும் ஏற்கவில்லை. வாங்கிய விதையை முழுக்க விதைத்துவிடுவதுதான் விவசாயியின் இயல்பு, ஒரு பங்கை வழக்குக்காக எடுத்து வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அதனால் மாதிரி மிச்சமில்லை என்று மனம் தளர வேண்டாம். இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமே இல்லை. விதையும் மருந்தும் வாங்கிய கீரைக்காரர் எவரும் இதற்குள் அடங்கிவிடுவார். வக்கீல் கட்டாயமில்லை, குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குத்தகைக்காரருக்கு ஒரு தடை முன்னாலேயே நிற்கும். வயலைப் பார்க்க வரும் அதிகாரி முதலில் கேட்பது, "பட்டா யார் பேர்ல?" வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிரிடுபவரிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, வருவாய்த் துறையின் பதிவு அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். நிலக்காரர் முகம் சுளிப்பார் என்ற பயத்தில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை, அந்தப் பயம் நியாயமற்றதும் அல்ல. ஆனால் நட்டஈட்டு வழக்குக்கு நில உரிமைப் பத்திரம் தேவையில்லை. அங்கே கேட்கப்படுவது வாங்கியவர் யார் என்பது. பில்லில் உங்கள் பெயரும் ஊரும் சரியாக இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.